பூனைக்குப் பலித்த மருந்து

ஒரு மருந்து இருக்கிறது, அது மனிதருக்கும் வேண்டும், விலங்குக்கும் வேண்டும் என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மனிதருக்குத்தான் என்று பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் நான். இப்போதும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் முன்போல் பட்டென்று வருவதில்லை, நடுவில் எங்கோ தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. அதற்குக் காரணம் என் சித்தி மகள் வளர்க்கும் முறுக்கு என்கிற பூனை. அதன் வைத்தியத்துக்குத் துணைக்குப் போனவன் தேவையில்லாமல் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோண்டிப் படிக்கத் தொடங்கியதில் வந்த வினை.

முறுக்குக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுகிற அளவுக்கு உடம்பு வற்றிப்போக, வயிறு மட்டும் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. டாக்டர் வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்தார். மஞ்சள் நிறம், கையுறை விரல்களுக்கு நடுவே நூலாக இழுபட்டது. ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டுக் குலுக்கி, அதன்மேல் அந்த மஞ்சள் நீரில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு கரையவில்லை. விட்ட இடத்தில் கொஞ்ச நேரம் உருக்குலையாமல் நின்று, மெல்லக் கீழே இறங்கியது. ரிவால்டா சோதனை என்று பெயராம். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது, இத்தாலியில் மனித நோயாளிகளுக்காகக் கண்டுபிடித்தது. மனித வைத்தியம் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியும் பூனை வைத்தியர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

"இதை மட்டும் வைச்சு முடிவு பண்ண முடியாதும்மா. ஆனா வயசு, காய்ச்சல், ரத்த ரிப்போர்ட், இந்தத் தண்ணி எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா எஃப்.ஐ.பி. மாதிரிதான் இருக்கு" என்றார். பூனைகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய் அது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் கருணை ஊசிதான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். பிறகு மருந்துச் சீட்டு எழுதினார். சித்தி மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். "அண்ணா, பெரியப்பாவுக்காக கீழ்ப்பாக்கத்துல க்யூவில நின்னு வாங்கினியே, அதே மருந்து."

ரெம்டெசிவிர்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 ஏப்ரல் கடைசியில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அரசு விற்ற மருந்துக்காக, கையில் ஆதார் நகல், சி.டி. ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ராத்திரியே வந்து இடம் பிடித்தவர்கள் இருந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே மாதம் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், பிறகு அதையும் நிறுத்தி நேராக மருத்துவமனைகளுக்கே கொடுத்தார்கள். ஐந்து நாள் வைத்தியத்துக்கு ஆறு குப்பி. பெரியப்பாவுக்கு ஆறும் கிடைத்தன, அவரும் வீடு திரும்பினார். மருந்தால் தேறினாரா, தானாகவே தேறினாரா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2020 நவம்பரில், இந்த மருந்தால் உயிர்ச்சேதம் குறைவதாகச் சான்று இல்லை என்று சொல்லி உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்காமல் விட்டிருந்தது. வரிசையில் நின்ற எங்களில் யார் அதைப் படித்தோம், படித்திருந்தாலும் யார் வீட்டுக்குத் திரும்பியிருப்போம்!

மனிதருக்கு இப்படிப் பட்டும் படாமலும் வேலை செய்த இந்த மருந்து பூனைக்கு என்ன செய்கிறது என்று தேடப் போனபோதுதான் நீல்ஸ் பெடர்சன் என்ற பெயர் கண்ணில் பட்டது.

டேவிஸ்காரர்

கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆய்வாளராக வாழ்நாளைக் கழித்தவர் பெடர்சன். பூனை எய்ட்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் எஃப்.ஐ.வி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது அவர் குழுவால்தான். பெட்டலூமா என்ற ஊரில் நிறையப் பூனைகளை வளர்த்த ஒருவரின் வீட்டில், ஒரு கூண்டுப் பகுதியில் இருந்தவை மட்டும் ஈறு புண்ணாகி, இளைத்து, ஒவ்வொன்றாக விழுந்தன. பக்கத்துக் கூண்டுகளில் இருந்தவை நன்றாக இருந்தன. 1986இல் அந்தப் பூனைகளின் ரத்தத்திலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்து 1987இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மனிதருக்கு எச்.ஐ.வி. கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கென்னவோ அவர் வாழ்க்கையில் அது பக்கக் கதை. அவரை விடாமல் பிடித்திருந்த நோய் எஃப்.ஐ.பி.

1963இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜீன் ஹால்ஸ்வொர்த் என்ற பெண் மருத்துவர் முதன்முதலில் விவரித்த நோய் அது. பெடர்சன் மாணவராக இருந்த காலத்திலேயே அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதன் தொடக்கம் ஒரு கொரோனா வைரஸ். கூட்டமாக வாழும் பூனைகளின் குடலில் அது சர்வசாதாரணமாக இருக்கும், லேசான பேதிக்கு மேல் ஒன்றும் செய்யாது. ஆனால் சில பூனைகளில், பெரும்பாலும் குட்டிகளிலும் இரண்டு வயதுக்குட்பட்டவற்றிலும், அது உடம்புக்குள்ளேயே உருமாறி, எந்த ரத்த அணு வைரஸைத் தின்று அழிக்க வேண்டுமோ அதற்குள்ளேயே குடியேறிவிடுகிறது. பிறகு ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு கசிகின்றன. வயிற்றில் சேரும் மஞ்சள் நீர் அந்தக் கசிவுதான். வயிறு உப்பிய பூனை சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் போய்விடும்.

தடுப்பூசி வழியாகப் போகலாம் என்றால் அதிலும் பேரிடி. வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த பூனைகள் இன்னும் வேகமாக நோயில் விழுந்தன என்று 1980இல் பெடர்சனே எழுத வேண்டியிருந்தது. காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புப் பொருளே வைரஸை அணுவுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போகிறது. இதற்குப் பிறகு வேறு ஆளாக இருந்தால் வேறு நோய்க்குப் போயிருப்பார். இவர் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நான் மேலே சொல்லப்போகும் எல்லாமே ஓய்வுக்குப் பின் நடந்தவை.

முப்பத்தொரு பூனைகள்

கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஜிசி376 என்ற மருந்துதான் முதலில் வந்தது. 20 பூனைகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 19 பூனைகள் பார்வைக்கு நலமாகிவிட்டன. ஊசியை நிறுத்தியதும் ஒவ்வொன்றுக்காய் நோய் திரும்பியது, சிலவற்றுக்கு மூளையில். கட்டுரை எழுதும்போது நலமாக மிஞ்சியவை ஏழு. இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதுவரை எதற்குமே மசியாத நோய் ஒரு மருந்துக்கு வளைந்து கொடுத்தது என்பதும், குறைந்தது 12 வாரமாவது விடாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தன. இன்று உலகெங்கும் பூனை வளர்ப்பவர்கள் விரதம் மாதிரி எண்ணுகிற 84 நாள் கணக்கு இந்த 12 வாரத்திலிருந்து வந்ததுதான்.

இரண்டாவதாக வந்தது ஜிஎஸ்-441524. கிலியட் சயின்சஸ் என்ற மருந்து நிறுவனம் கொடுத்த மூலக்கூறு. ரெம்டெசிவிர் உடம்புக்குள் போனபின் எதுவாக மாறுகிறதோ அதுதான் இது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது, மணி கோக்கிறவர் கையில் துளை அடைபட்ட மணியைத் தள்ளிவிட்டது போல, அசல் எழுத்துக்குப் பதிலாக இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குமேல் சரம் நீளாது.

2018இல் வெளியான கட்டுரையை நான் இரண்டு தடவை மூடி வைத்துவிட்டுத்தான் படித்து முடித்தேன். ஆய்வுக்கூடத்தில் நல்ல பூனைகளுக்கு வேண்டுமென்றே எஃப்.ஐ.பி. வைரஸை ஏற்றி, நோய் வந்த பத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தும் தேறின. பூனைகளுக்காகவே உயிரைக் கொடுத்து உழைத்த ஒருவர் பூனைகளுக்கு அந்த நோயை ஏற்றவும் செய்தார் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. அதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க முடியுமா என்று கேட்டால், முடிந்திருக்காது. முறுக்கு அன்றைக்கு மேஜைமேல் கிடந்த கிடப்பைப் பார்த்தவனுக்கு அந்தப் பத்துப் பூனைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

2019 பிப்ரவரியில் வந்த கட்டுரைதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இம்முறை ஆய்வுக்கூடப் பூனைகள் அல்ல, வீட்டுப் பூனைகள், தானாக நோய் வந்தவை. மொத்தம் 31. மூளையும் கண்ணும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றைச் சேர்க்கவில்லை. தினமும் தோலுக்கடியில் ஒரு ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், குறைந்தது 12 வாரம். வரும்போதே முற்றியிருந்த நான்கு பூனைகள் ஐந்து நாளுக்குள் போய்விட்டன, இன்னொன்று 26ஆம் நாள். மீதி 26க்கும் ஒன்றரை நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, பசி திரும்பியது. இந்த இடத்தில் பெரும்பாலான கதைகள் நின்றுவிடும். இந்தக் கட்டுரை நிற்கவில்லை, அதனால்தான் அதை நம்புகிறேன். 26இல் எட்டுப் பூனைகளுக்கு நோய் திரும்பியது. ஐந்துக்கு அளவை இரட்டிப்பாக்கி 4 மில்லிகிராமாக மறுபடி தொடங்கினார்கள், ஐந்தும் தேறின. மூன்றுக்குப் பழைய அளவிலேயே கொடுத்தார்கள். அதில் ஒன்று மூளைக்கு ஏறி, கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு மறுபடியும் விழுந்து, மூன்றாம் சுற்றில் அதிக அளவு கொடுத்தபின் எழுந்தன. ஆக, பிழைத்தவை 25. அவற்றில் ஒன்று பின்னால் இதய நோயால் இறந்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அரை நூற்றாண்டாக மரண தண்டனையாக இருந்த நோய் இது. 31க்கு 25.

இந்த ஊசிக்கு அமிலத்தன்மை அதிகம். தோலுக்கடியில் போகும்போது கடுக்கும். முறுக்குக்கு ஊசி போடும்போது நானும் பிடித்திருக்கிறேன். வலி தெரியாமல் இருக்க முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்து, துண்டில் சுற்றி, தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரமாகத் தூக்கி, உள்ளே போன மருந்து வெளியே வழியாமல் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் சில நாள் அது சீறக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கையைப் பிறாண்டிய நாளன்று சித்தி மகள் அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் பிறகு மாத்திரைக்கு மாற்றினார், அதுவும் முடிந்து, பூனை இப்போது தின்று கொழுத்துக் கிடக்கிறது. அதைப் பற்றி இனிமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேறு பெயரில் வந்த குப்பிகள்

என் தொண்டையில் மாட்டிக்கொண்ட விஷயம் இனிமேல்தான். இவ்வளவு பலித்த மருந்தைப் பூனைகளுக்கென்று விற்க கிலியட் உரிமம் கொடுக்கவில்லை. பெடர்சன் பத்திரிகைகளிடம் சொன்ன காரணம் இது: ரெம்டெசிவிருக்கு மனித மருந்தாக அனுமதி வாங்கும் முயற்சியில் நிறுவனம் இருந்தது, பூனைகளிடம் ஏதாவது பக்கவிளைவு தென்பட்டால் அது மனித மருந்தின் அனுமதிக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்ற பயம். அமெரிக்காவில் இரண்டுக்கும் அனுமதி தருவது எஃப்.டி.ஏ. என்ற ஒரே அமைப்புதான் என்பதால் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஆனால் மூலக்கூறின் அமைப்பு, அளவு, எத்தனை வாரம் என்பதெல்லாம் கட்டுரையில் பகிரங்கமாக இருந்தன. சீனாவில் இருந்த சில தயாரிப்பாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டுரை வந்த 2019ஆம் ஆண்டிலேயே வேறு வேறு பெயர் ஒட்டிய குப்பிகள் உலகமெங்கும் கூரியரில் பறக்கத் தொடங்கின. ஃபேஸ்புக் குழுக்களில் முகம் தெரியாத ஆட்கள் எடையைக் கேட்டு அளவு சொன்னார்கள், தன் பூனை பிழைத்தவர் மிச்சக் குப்பியை நள்ளிரவில் காரோட்டிக்கொண்டு போய் இன்னொருவருக்குக் கொடுத்தார். சட்டப்படி அங்கீகரிக்கப்படாத மருந்து என்பதால் பல கால்நடை மருத்துவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பின்னாளில் சோதித்தபோது லேபிளில் இருந்த அளவும் குப்பிக்குள் இருந்த அளவும் பொருந்தவில்லை. இப்படி வீட்டிலேயே வைத்தியம் பார்த்த 393 பேரிடம் கேட்டுத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வில், பூனை உயிரோடு இருப்பதாகச் சொன்னவர்கள் 96.7 சதவீதம். பூனையைப் பறிகொடுத்தவர் குழுவை விட்டு விலகியிருப்பார், கேள்வித்தாளை நிரப்ப உட்கார மாட்டார் என்பதால் இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டால்கூட முன்பிருந்த நிலைக்கு அது எவ்வளவோ மேல்.

இதைப் பற்றி நானும் என் பள்ளித் தோழன் ஒருவனும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம். அவன் மருந்து நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். "நீ அந்தக் கம்பெனியில இருந்திருந்தா கொடுத்திருப்பியாடா? ஒரு பூனைக்குக் கிட்னி போனாலும் அது டேட்டா. மறைக்க முடியாது. அதனால மனுஷ மருந்து ஆறு மாசம் தள்ளிப் போச்சுன்னா, அந்த ஆறு மாசத்துல சாகிறவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவன் சொல்வதை மறுக்க முடியாமல் நான் தேதிகளை எடுத்து அடுக்கினேன். பூனைக் கட்டுரை வந்தது 2019 பிப்ரவரி. அப்போது ரெம்டெசிவிர் காங்கோவில் எபோலா நோயாளிகளுக்குச் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சரி, காத்திருக்கட்டும். 2019 ஆகஸ்டில் மற்ற இரண்டு மருந்துகள் தெளிவாக முந்திவிட, எபோலா சோதனையிலிருந்து ரெம்டெசிவிரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த மருந்துக்குக் கையில் நோயாளி என்று யாரும் இல்லை. அதன் உடன்பிறப்பு மட்டும் பூனைகளைப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் கொடுத்திருக்கலாம் இல்லையா? கோவிட் வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும் என்பான் அவன். அதேதான் நானும் கேட்கிறேன், தெரியாதபோது எதற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள்? சரி, அதையும் விடுவோம். 2020 அக்டோபரில் கோவிட் வைத்தியத்துக்கு எஃப்.டி.ஏ. முழு அனுமதி கொடுத்துவிட்டது. பூனையால் எது கெட்டுவிடும் என்று பயந்தார்களோ அது பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு? கோவிட் காலத்திலேயே ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மனித ரெம்டெசிவிரைப் பூனைகளுக்குப் போட்டார்கள். பிரிட்டனில் 2021 ஆகஸ்ட் முதல், மருத்துவர் சீட்டின் பேரில் சட்டப்படிக் கிடைத்தது. சைப்ரஸ் தீவில் 2023இல் பூனைக்குப் பூனை நேராகத் தொற்றுகிற புதுவகை எஃப்.ஐ.பி. பரவியபோது, கோவிட் நோயாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த மோல்னுபிராவிர் மாத்திரைகளை அரசே பூனைகளுக்குத் திறந்துவிட்டது. இந்த மருந்து பிறந்த அமெரிக்காவில் மட்டும், மருத்துவர் சீட்டுக்கு மருந்தகம் தயாரித்துக் கொடுக்கலாம் என்ற அளவுக்கு வரவே 2024 ஜூன் ஆகிவிட்டது. அதுகூட முறையான அனுமதி அல்ல, இதன்மேல் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று எஃப்.டி.ஏ. கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு மியூனிக் ஆய்வாளர்கள் வயிற்றில் நீர் கோத்த 40 பூனைகளை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு 84 நாளும் பாதிக்கு 42 நாளும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 38 பிழைத்தன, இரண்டு பிரிவுக்கும் பலன் ஒன்றுதான். ஐந்து ஆண்டாகக் கள்ளக் குப்பிக்குக் கடன் வாங்கி 84 நாள் எண்ணியவர்களில் பலருக்குப் பாதி நாளே போதுமானதாக இருந்திருக்கும். முறையாக மருந்து கிடைத்திருந்தால் இந்தச் சோதனையை எப்போதோ செய்திருப்பார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் உயர்ந்துவிடுகிறது என்கிறான் தோழன்.

கடைசியாகப் பேசியபோது அவன் வேறு பக்கத்திலிருந்து வந்தான். "மனுஷனா பூனையான்னு நீ கேட்டுக்கிட்டு இருக்க. 2020 அக்டோபருக்கு அப்புறம் அந்தக் கேள்வியே இல்லடா. பூனைக்குப் பதிவு பண்ணணும்னா புதுசா சோதனை, புதுசா ஃபைல், புதுசா பணம். எத்தனை பூனைக்கு இந்த நோய் வருது, எத்தனை பேர் வாங்குவாங்க? கணக்குப் போட்டுப் பாத்திருப்பான், மூடி வைச்சிருப்பான்."

இதை மறுக்க எனக்குத் தேதி எதுவும் அகப்படவில்லை. இத்தனை நாளாக எதை வரிசை என்று நினைத்து மல்லுக்கட்டினேனோ, அந்த வரிசையில் பூனைக்கு முன்னால் அப்போது யாருமே நிற்கவில்லை, கவுன்ட்டரைத்தான் திறக்கவில்லை என்கிறான் அவன். அப்படியானால் நான் கோபப்பட வேண்டியது இன்னும் அதிகமாகவா, குறைவாகவா என்று கேட்டேன். அவனுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.